பிள்ளைகள் கப்பலில், நீங்கள் வீட்டில்: தொடர்பில் இருப்பது எப்படி?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் உல்லாசக் கப்பலில் மூன்று நான்கு நாள் சுற்றுலா போகிறார்கள். "நீங்களும் வாங்கம்மா" என்று அழைத்தார்கள். முட்டிவலியை நினைத்து, "நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் கேலாங் வீட்டிலேயே இருந்துவிட்டீர்கள். முதல் நாள் மாலை வரை படங்கள் வந்துகொண்டே இருந்தன. இரவில் ஒன்றும் வரவில்லை. அழைத்துப் பார்த்தால் இணைப்பும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலையில் உங்களுக்குத் தூக்கம் போய்விடுகிறது. காலையில் இரத்த அழுத்த மாத்திரையையும் மறந்துவிடுகிறீர்கள்.

இப்படி ஓர் இரவு உங்களுக்கு வராமல் இருக்கவும், நீங்கள் தனியாக இருக்கும் நாள்களில் உங்கள் உடல்நலம் கெடாமல் இருக்கவும் இந்தக் கையேடு உதவும்.

அன்றைய கப்பல், இன்றைய கப்பல்

நம்மில் பலருக்குக் கப்பல் பயணம் புதிதல்ல. சென்னையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ ரஜூலா கப்பலில் ஏறிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு வந்தவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. கப்பல் கடலில் இருக்கும் நாள்களில் வீட்டுக்கு ஒரு செய்தியும் வராது. கரை சேர்ந்த பிறகு எழுதும் கடிதத்துக்காகத்தான் வீட்டில் காத்திருப்பார்கள். அந்த மௌனம் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று என்பதால் அதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

இன்று மணிக்கொரு படம் வந்து பழகிவிட்டது. அதனால் அரை நாள் செய்தி வராவிட்டாலே மனம் பதறுகிறது. கடல் என்னவோ அன்று போலவே இன்றும் கரையிலிருந்து தூரமாகத்தான் இருக்கிறது.

செய்தி ஏன் வரவில்லை?

நம் கைத்தொலைபேசி நிலத்தில் உள்ள கோபுரங்களின் அலைவரிசையில் இயங்குகிறது. கப்பல் கரையை விட்டு விலகியதும் அந்த அலைவரிசை எட்டாது. நடுக்கடலில் கப்பலுக்குத் துணைக்கோள் வழியாகத்தான் இணையம் கிடைக்கும். பல கப்பல்களில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. எல்லாரும் அதை வாங்குவதில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டும் வாங்குவதும் உண்டு. வாங்கினாலும் சில நேரம் இணைப்பு மெதுவாக இருக்கும், சில நேரம் அறுந்துபோகும்.

கப்பலில் சாதாரண அழைப்பை எடுத்தால் கட்டணம் மிக அதிகமாக வரலாம். அதற்குப் பயந்து பலர் தொலைபேசியை 'ஏரோபிளேன் மோட்' என்ற முறைக்கு மாற்றிவிடுவார்கள். அப்போது நீங்கள் அழைத்தால் இணைப்பு கிடைக்காது. கப்பல் பினாங்கு, புக்கெட் போன்ற துறைமுகத்தை அடைந்து அவர்கள் இறங்கியதும் செய்திகள் மொத்தமாக வந்து சேரும்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால், அதன் கீழே உள்ள சிறு அடையாளத்தைப் பாருங்கள்.

• ஒரு டிக் மட்டும் இருந்தால், செய்தி உங்கள் தொலைபேசியிலிருந்து போய்விட்டது, ஆனால் அவருடைய தொலைபேசிக்குச் சேரவில்லை. பெரும்பாலும் அவரிடம் இணையம் இல்லை என்பதுதான் காரணம்.

• இரண்டு டிக் இருந்தால், செய்தி அவருடைய தொலைபேசியை அடைந்துவிட்டது.

• இரண்டும் நீல நிறமானால், அவர் செய்தியைத் திறந்துவிட்டார். சிலர் இந்த நீல நிறம் தெரியாதபடி அமைத்துவைத்திருப்பார்கள்.

ஒரு டிக்கைப் பார்த்துக் கலங்க வேண்டாம். திரும்பத் திரும்ப அழைக்கவும் வேண்டாம். இணையம் கிடைத்ததும் செய்தி தானாகவே போய்ச் சேரும்.

கிளம்புவதற்கு முன் பேசி முடிவு செய்யுங்கள்

பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பிள்ளைகளுடன் உட்கார்ந்து பேசுங்கள். பெட்டி கட்டும் அவசரத்தில் பேசினால் பாதி விட்டுப்போகும்.

1. எப்போது பேசுவது? "நேரம் கிடைக்கும்போது கூப்பிடுறேன்" என்பது போதாது. கப்பல் எந்த நாளில் எந்தத் துறைமுகத்தில் நிற்கும் என்று கேளுங்கள். "புதன்கிழமை பினாங்கில் இறங்கியதும் பகல் 12 மணிக்குள் ஒரு செய்தி" என்பது போல நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். பினாங்கு நேரமும் நம் நேரமும் ஒன்றுதான். புக்கெட் நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும்.

2. எந்த நாளில் செய்தி வராது? கப்பல் முழு நாளும் கடலில் இருக்கும் நாளை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அன்று செய்தி வராவிட்டால் அது எதிர்பார்த்ததுதான்.

3. எப்படிப் பேசுவது? இணைப்பு மெதுவாக இருந்தால் காணொளி அழைப்பு நின்று நின்று போகும். எழுத்துச் செய்தியோ அரை நிமிடக் குரல் பதிவோ எளிதில் போய்ச் சேரும். குரல் பதிவு அனுப்பத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் கேட்டு, அவர்கள் கிளம்பும் முன்பே இரண்டு முறை பழகிக்கொள்ளுங்கள்.

4. கரையில் யார் துணை? கப்பலில் உள்ளவரால் உடனே ஓடிவர முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தங்கை, ஒரு மருமகன் அல்லது பக்கத்து வீட்டுக்காரர் நாள்தோறும் ஒருமுறை உங்களைக் கூப்பிடட்டும். முடிந்தால் அவரிடம் ஒரு சாவியும் இருக்கட்டும்.

இவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். கப்பலின் பெயர், நிறுவனத்தின் பெயர், அறை எண், முன்பதிவு எண், கிளம்பும் நாள், திரும்பும் நாள், நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி எண் ஆகியவை அதே தாளில் இருக்க வேண்டும். உங்கள் பிள்ளை கப்பலில் வேலை செய்பவர் என்றால் அவரை வேலைக்கு அனுப்பிய நிறுவனத்தின் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கப்பலைப் பற்றிக் கெட்ட செய்தி கேட்டால்

2020 டிசம்பரில் நம் ஊரிலேயே இப்படி ஒன்று நடந்தது. கொவிட்-19 காலத்தில், எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் திரும்பிவரும் பயணமாக 'குவான்டம் ஆஃப் த சீஸ்' கப்பல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பியது. அதில் 1,680 பயணிகளும் 1,148 ஊழியர்களும் இருந்தார்கள். 83 வயதுப் பயணி ஒருவருக்குக் கிருமித்தொற்று இருப்பதாகக் கப்பலில் செய்த பரிசோதனை காட்டியது. டிசம்பர் 9ஆம் தேதி காலையில் கப்பல் மரினா பே உல்லாசக் கப்பல் நிலையத்துக்குத் திரும்பிவிட்டது. பயணிகள் தங்கள் அறைகளிலேயே இருக்கும்படி சொல்லப்பட்டார்கள். தொடர்புத் தடமறிதல் முடியும்வரை அவர்கள் இறங்க முடியவில்லை. கரையில் மீண்டும் பரிசோதித்தபோது அந்தப் பயணிக்குத் தொற்று இல்லை என்று உறுதியானது.

முதலில் வரும் செய்தி முழுச் செய்தியாக இருப்பதில்லை. யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் தகவலை நம்பிப் பதற வேண்டாம். கப்பல் நிறுவனத்தின் எண்ணை அழையுங்கள். வெளிநாட்டில் உள்ள சிங்கப்பூரர்களுக்கு உதவி தேவைப்பட்டால், வெளியுறவு அமைச்சின் 24 மணி நேரப் பணி அலுவலகத்தை 6379 8800 என்ற எண்ணில் அழைக்கலாம். குறித்த நேரத்தில் செய்தி வராமல், கப்பல் துறைமுகத்தை அடைந்து பல மணி நேரம் ஆகியும் தகவல் இல்லை என்றால், முதலில் உங்கள் கரைத் துணையிடம் சொல்லுங்கள். அவர் நிறுவனத்தை அழைத்துக் கேட்கட்டும்.

பணம் கேட்டு அழைப்பு வந்தால்

"அம்மா, நான்தான். போன் கடலில் விழுந்துட்டு. இது புது நம்பர். அவசரமாப் பணம் வேணும்." இப்படி ஒரு குரல் அழைக்கலாம். பிள்ளைகள் ஊரில் இல்லாத நேரத்தில் இதை நம்பிவிடுவது எளிது. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் ஊர்ப் பெயரோ சிறு வயதுச் செல்லப் பெயரோ போதும். சரியான பதில் வராவிட்டால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். பதில் சரியாக இருந்தாலும் கரைத் துணையிடம் பேசாமல் பணம் அனுப்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழையுங்கள்.

உங்கள் உடல்நலம் காத்திருக்கக் கூடாது

பிள்ளைகள் ஊரில் இல்லாத நேரத்தில் உடம்புக்கு ஏதாவது வந்தால், "அவன் கூப்பிடட்டும், கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்று காத்திருக்கத் தோன்றும். அவர்களின் விடுமுறையைக் கெடுக்க வேண்டாம் என்றும் தோன்றும். இந்தத் தயக்கம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 995ஐ அழையுங்கள்.

• முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரெனத் தளர்தல், பேச்சு குழறுதல்

• நெஞ்சுவலி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல்

• விழுந்து எழ முடியாத நிலை, தலையில் பலத்த அடி

பக்கவாதத்திலும் மாரடைப்பிலும் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். முதலில் 995, அடுத்து கரைத் துணை. கப்பலுக்குச் செய்தி அனுப்புவதை அவர் பார்த்துக்கொள்வார்.

மற்ற நாள்களில் இவற்றை மறக்காதீர்கள். மருந்தை வழக்கமான நேரத்திலேயே உட்கொள்ளுங்கள், அழைப்புக்காகத் தள்ளிப்போடாதீர்கள். பயணம் முடியும்வரை போதுமான மருந்து இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். கேலாங் பலதுறை மருந்தகத்திலோ வேறெங்கோ மருத்துவச் சந்திப்பு இருந்தால், கூட வர யார் இருக்கிறார்கள் என்பதை இப்போதே பேசிவிடுங்கள். ஒருவருக்காகச் சமைப்பது அலுப்பாக இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடுங்கள். கைத்தொலைபேசியை இரவில் கட்டிலருகே வையுங்கள், மின்னூட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தனிமையாக இருந்தால், அருகிலுள்ள துடிப்புடன் மூப்படையும் நிலையத்துக்குச் சென்று வாருங்கள். உடற்பயிற்சியும் பேச்சுத் துணையும் அங்கே கிடைக்கும். நீங்கள் சில நாள் தனியாக இருக்கப்போவதை அங்குள்ள ஊழியர்களிடம் சொல்லிவையுங்கள். இரவில் மனம் கலங்கினால், மூத்தோருக்கான 24 மணி நேரக் கேர்லைன் சேவையை 6804 6555 என்ற எண்ணில் அழைத்துப் பேசலாம்.

அவர்கள் திரும்பி வரும்போது

பேரப்பிள்ளைகளைக் கட்டியணைக்கும் முன், யாருக்காவது காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். பலர் நெருங்கி வாழும் கப்பலில் இவை எளிதில் பரவும். இருந்தால், அவர்கள் குணமாகும்வரை தொலைபேசியிலேயே கதை கேட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் உங்களைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று தெரிந்தால் கப்பலில் இருக்கும் பிள்ளைகளுக்கும் நிம்மதி. அடுத்த செய்தியில் உங்கள் நலத்தையும் சொல்லுங்கள்: "மாத்திரை போட்டாச்சு, சாப்பிட்டாச்சு, நல்லா இருக்கேன்."