சௌல் துறைமுகம் காணப் போவோமா?

புனேக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்க்கு முதல் ஆண்டிலேயே ஒரு குறை தட்டும். இங்கே மலை உண்டு, கோட்டை உண்டு, குளிருங்கூட உண்டு. கடல் மட்டும் இல்லை. கடலென்றால் கோவாவுக்கு ரயில் ஏறவேண்டும் என்பதே நம் விடுதி அன்பர்களின் முடிவு. அவர்கள் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. மலை இறங்கி அலிபாக் சேர்ந்து, அங்கிருந்து தெற்கே சுமார் 17 கிலோமீட்டர் சென்றால் ரேவ்தண்டா. அதை ஒட்டிச் சற்று உள்ளே தள்ளியிருப்பது சௌல். இரண்டும் சேர்ந்தே ஒரு காலத்தில் ஒரே பெருந்துறைமுகம். குண்டலிகா ஆறு கடலிற் கலக்கும் கழிமுகத்தின் வடகரையில் இவை இருக்கின்றன. எதிரே தென்கரையில் கோர்லை. கொற்கை என்று படித்துவிட வேண்டாம். ஓசை ஒற்றுமையைக் கொண்டு சரித்திரம் எழுதும் பழக்கம் நம்மவரிடம் ஏற்கனவே போதிய அளவு இருக்கிறது.

ஆனால் கொற்கை நினைவுக்கு வருவதில் தவறில்லை. சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய ‘பெரிப்ளூஸ்’ என்னும் நூல் நம் முசிறியையும் கொற்கையையும் சொல்கிறது. கல்யாணுக்கு அடுத்த துறைமுகமாகச் ‘செமில்லா’ என்று அது குறிப்பது இந்தச் சௌலைத்தான் என்பர். பருவக்காற்றைப் பிடித்து எகிப்திலிருந்து வந்த கலங்கள் இந்தக் கரையில் சரக்கேற்றிச் செங்கடல் வழியே திரும்பின. அச்சரக்கு நைல் நதியில் இறங்கி, மத்தியதரைக் கடலோரத்து அலெக்சாந்திரியாவை அடைந்தது. இங்கிருந்து தக்காணத்துக்குள் செல்லும் வழிகளில் ஒன்று ஜுன்னருக்கு மேலேறும் நானேகாட் கணவாய். சாதவாகனர் கல்வெட்டு அங்கே குகையில் இருக்கிறது. சுங்கக் காசு போட்டதாகச் சொல்லப்படும் கல் தொட்டியும் இருக்கிறது. ஜுன்னர் நம் புனே மாவட்டத்து ஊர்தான்.

அந்த ஜுன்னரில் ஒரு ருஷ்யன் பட்ட பாடு சொல்லத் தக்கது. த்வேர் நகரத்து வியாபாரி அஃபனாசி நிகிட்டின் 1469-ஐ ஒட்டிச் சௌலில் வந்து இறங்கினான். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-ல் என்பதை நினைவிற் கொள்க. இந்நாட்டில் குதிரைக்கு நல்ல விலை என்று கேள்விப்பட்டு, ஒரே ஒரு குதிரையைக் கப்பலேற்றி வந்திருந்தான். வெள்ளை மனிதனைப் பார்க்க ஊரே பின்னால் திரண்டதாம். ஜுன்னரில் மழைக்காலம் கழித்தபோது ஊர்த்தலைவரான கான் குதிரையைப் பறித்துக்கொண்டு, மதம் மாறினால் திருப்பித் தருவதாகச் சொன்னான். கெடு நான்கு நாள். குராசானத்துப் பெரியவர் ஒருவர் குறுக்கிட்டுக் குதிரையையும் அவன் மதத்தையும் மீட்டுத் தந்தார். இந்தக் கதையை வைத்து 1957-ல் இந்தியரும் ருஷ்யரும் சேர்ந்து ‘பர்தேசி’ என்று படமே எடுத்தார்கள். ரேவ்தண்டாவில் ஒரு பள்ளி வளாகத்தில் அவனுக்கு நினைவுத் தூணும் உண்டு.

கழிமுகத்தில் நட்டிருக்கும் மரக்கம்பங்களைப் பாருங்கள். கோளிகள், அதாவது இக்கரையின் மீனவர்கள், டோல் வலை என்னும் பை வடிவ வலையை இவ்வாறான கம்பங்களிற் கட்டுவார்கள். வலையின் வாய் நீரோட்டத்தை எதிர்நோக்கி இருக்கும். ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓட்டமே மீனைப் பைக்குள் தள்ளிவிடும். மீனைத் துரத்தவேண்டியதில்லை, கடலின் கணக்குத் தெரிந்தால் போதும்.

அத்தகைய கம்பங்கள் ஒரு கடற்போரின் முடிவையே மாற்றியிருக்கின்றன. ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த போர்த்துகீசியர், அலெக்சாந்திரியா வழியே வெனிஸுக்குச் சென்ற மிளகு வாணிபத்தைக் குலைத்தனர். வருமானம் போன எகிப்து சுல்தான் கப்பற்படை அனுப்பினார். 1508 மார்ச்சில், டையூ ஆளுநர் மாலிக் அயாஸின் படகுகளும் சேர்ந்து, போர்த்துகீசிய வைசிராயின் மகன் லொரென்சோவைச் சௌலில் மடக்கின. தப்பிச் செல்ல முயன்ற அவனுடைய கப்பல் மீனவர் நட்ட கம்பங்களிற் சிக்கி நின்றுவிட்டது! காலில் குண்டடிபட்ட லொரென்சோ, பாய்மரத்தோடு தன்னைக் கட்டச் சொல்லி நின்று போரிட்டு இறந்தான் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு டையூவில் தகப்பன் பழி தீர்த்தான். பிறகு போர்த்துகீசியர் ரேவ்தண்டாவில் கோட்டை கட்டி, 1570–71-ல் அகமத்நகர் நிஜாம்ஷாவின் முற்றுகையையும் தாங்கி, 1740-ல் மராத்தியரிடம் எல்லாவற்றையும் விட்டுச் சென்றனர். அதற்குள் பம்பாய் ஓங்கிவிட்டது. இன்று கோட்டை மதிலுக்குள் தென்னந்தோப்பும் வீடுகளும். ‘சாத்கணி’ என்னும் ஏழடுக்குக் கோபுரத்தின் எச்சம் மட்டும் தனியே நிற்கிறது. காவிரிப்பூம்பட்டினம் பார்த்தவர்களுக்கு இந்த வெறுமை புதிதல்ல.

கோட்டையோடு திரும்பிவிடாமல் பாலத்தைக் கடந்து கோர்லைக்குச் செல்லுங்கள். குன்றின்மேல் கோட்டை, அடிவாரத்தில் மீனவர் ஊர், கார்மேல் மாதா கோயில். எனக்கு இந்தப் பயணத்திலேயே பெரிதாகத் தோன்றுவது இந்தச் சிற்றூர்தான். போர்த்துகீசியர் போனபிறகும் இவ்வூர்க் கிறிஸ்தவர்கள் அவர்கள் காலத்திற் பிறந்த கலப்பு மொழியை விடவில்லை. சுமார் ஆயிரம் பேர் பேசும் அம்மொழிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நோ லிங்’, நம் மொழி. சொற்கள் பெரும்பாலும் போர்த்துகீசியம். ஆனால் மராத்தியின் நெருக்கத்தால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்கு நகர்ந்துவிட்டது, நம் தமிழிற்போல. பள்ளியும் கடைத்தெருவும் மராத்தி. வீட்டு முற்றமும் படகுமே அம்மொழிக்குக் காவல். நாமோ மலர் வெளியிட்டும், விழா எடுத்தும், அறைக்குத் திரும்பியதும் ஆங்கிலம் பேசுகிறோம். இதற்குமேல் சொன்னால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

எப்போது போவது? ஜூன், ஜூலை வேண்டாம். மழையும் மீன்பிடித் தடையும் சேர்ந்து படகுகளைக் கரையேற்றிவிடும். ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் நாரளி பௌர்ணமியன்று கோளிகள் கடலுக்குத் தேங்காய் படைப்பார்கள். மழை ஓய்ந்தபின், கயிறு கட்டிப் பொம்பில் மீனை வரிசை வரிசையாக உலர்த்தத் தொடங்கும் காலமே நல்லது. அந்த வாடை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நாகப்பட்டினத்து அன்பர்களையும் தூத்துக்குடி அன்பர்களையும் முன்னே நடக்கவிட்டு, மற்றவர்கள் கைக்குட்டையோடு பின்தொடரலாம்.