படிப்பு நின்றது, வேலை கிடைத்தது! கணித மேதை ராமானுஜன் எழுதிய மனு

தென்காசி மாவட்டத்தில் உள்ள ஊர் திருவேங்கடம். கரிசல் பூமி. மழை பெய்தால் வெள்ளாமை. மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீசுதான் கை கொடுக்கும். பெட்டி ஒட்டியும், குச்சி அடுக்கியும் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் இந்த வட்டாரத்தில் பலர்.

அப்படி ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். மூத்த மகள் பி.காம். படித்து முடித்து விட்டாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள்தான். சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுத ஆள் தேவை என்று தெரிகிறது. மனுவும், தன்விவரக் குறிப்பும் கொண்டு வரச் சொல்கிறார்கள். "பயோடேட்டா" என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

அவள் என்ன செய்கிறாள்?

செல்போனில் தேடுகிறாள். யாரோ எழுதிய பயோடேட்டா ஒன்று கிடைக்கிறது. அதில் பெயரை மட்டும் மாற்றுகிறாள். முதல் வரியில் பெரிய இங்கிலீஷ் வாக்கியம் ஒன்று இருக்கிறது. அதன் பொருள் அவளுக்கே சரியாகத் தெரியாது!

அவள் ஒரு பாடத்தில் தவறி, மறு வருஷம் எழுதித் தேறியவள். அதை மறைத்து விடுகிறாள். அந்த ஒரு வருஷமும் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதினாள். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று அதையும் விட்டு விடுகிறாள். 'அனுபவம்' என்ற இடத்தில் "இல்லை" என்று போடுகிறாள்.

"ஒரு வருசம் கணக்கு எழுதுனியே தாயி, அத எழுதலையா?" என்று அம்மா கேட்கிறாள்.

"அத யாரும்மா எழுதுவாங்க? சிரிப்பாங்க!" என்கிறாள் மகள்.

இதுதான் தவறு! இப்படி வெட்கப்பட்டு விட்டுவிடும் ஒரு வரிக்காகவே பல பேருக்கு அழைப்பு வராமல் போகிறது.

கணக்கில் புலி

நூறு வருஷத்துக்கு முன்பு, இதைவிட மோசமான நிலைமையில் ஒரு வாலிபர் இருந்தார். அவர்தான் சீனிவாச ராமானுஜன்.

1887-ல் ஈரோட்டில் பிறந்தவர். கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கில் புலி. ஆனால் மற்றப் பாடங்களில் அவருக்கு மனம் செல்லவில்லை. எப்.ஏ. என்ற கல்லூரிப் பரீட்சையில் அவர் தேறவில்லை. கும்பகோணத்தில் படித்தார், முடியவில்லை. சென்னையில் படித்தார், அங்கும் முடியவில்லை. 1909-ல் கல்யாணம் ஆயிற்று. கையில் பட்டம் இல்லை. பையில் பணமும் இல்லை.

சென்னை துறைமுகக் காரியாலயத்தில் ஒரு குமாஸ்தா வேலை காலியாக இருப்பதை அறிந்தார். 1912 பிப்ரவரி 9-ந் தேதி மனு எழுதினார்.

அந்த மனு மிகச் சிறியது. சில வாக்கியங்கள்தான். ஆனால் எல்லாம் அதில் இருந்தது.

எந்த வேலை வேண்டும் என்பதை முதலில் சொன்னார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரை படித்ததையும் சொன்னார். சில இடையூறுகளால் மேலே படிக்க முடியவில்லை என்பதை ஒரே வரியில் சொன்னார். இல்லாத பட்டத்தைப் போட்டுக் கொள்ளவில்லை. கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதி அழவும் இல்லை.

அடுத்த வரியில், தம் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருவதாகச் சொன்னார். இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை உண்டு என்று முடித்தார். சென்னை மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தையும் அனுப்பினார்.

மார்ச் 1-ந் தேதி வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்!

ராமானுஜனின் திறமையை அறிந்த பெரியவர்களின் ஆதரவும் அவருக்கு இருந்தது. ஆனால் மனுவில் அவர் சொன்னது எல்லாம் உண்மை. அது முக்கியம்.

சீமைக்குப் போன கடிதம்

மறு வருஷம், 1913 ஜனவரியில், ராமானுஜன் இன்னொரு கடிதம் எழுதினார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணித அறிஞருக்கு அது போயிற்று.

அதன் தொடக்கத்திலேயே, தாம் துறைமுக அலுவலகத்தில் ஒரு சாதாரண குமாஸ்தா என்பதையும், தம்முடைய குறைந்த சம்பளத்தையும் சொல்லி விட்டார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் சொன்னார். அதோடு நிற்கவில்லை. தாம் கண்டுபிடித்த கணித முடிவுகளைப் பல பக்கங்களில் எழுதிச் சேர்த்து அனுப்பினார். "எனக்குக் கணக்கு வரும்" என்று சொல்வது வேறு. போட்ட கணக்கைக் காட்டுவது வேறு!

ஹார்டி அதைப் படித்து வியந்தார். 1914-ல் ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

எல்லோரும் ராமானுஜன் ஆக முடியாது. ஆனால் அவர் எழுதிய முறையில் எல்லோரும் மனு எழுத முடியும்.

ஓவியர் எழுதிய மனு

இன்னொரு பழைய கதையும் உண்டு. லியனார்டோ டா வின்சி உலகப் புகழ் பெற்ற ஓவியர். மோனலிசா படத்தை வரைந்தவர். அவர் சுமார் 1482-ல், இத்தாலியில் மிலான் நகரை ஆண்டவரிடம் வேலை கேட்டுக் கடிதம் தயாரித்தார்.

தாம் நல்ல ஓவியர் என்றுதானே தொடங்கியிருப்பார்? அதுதான் இல்லை! எளிதில் தூக்கிச் செல்லக் கூடிய பாலம் கட்டத் தெரியும், பீரங்கி செய்யத் தெரியும் என்று வரிசையாக எழுதினார். ஓவியம் வரையத் தெரியும் என்பது கடைசியில்தான் வந்தது.

ஏன்? அது சண்டைகள் நிறைந்த காலம். ஆண்டவருக்கு முதலில் வேண்டியது பாலமும் பீரங்கியும். வேலை கொடுப்பவருக்கு எது தேவையோ, அது முதலில் வர வேண்டும்.

திரும்ப எழுதினால்...

திருவேங்கடத்துப் பெண் இப்போது தன் பயோடேட்டாவைத் திரும்ப எழுதட்டும். ஜவுளிக் கடைக்கு என்ன தேவை? கணக்கு எழுதத் தெரிந்த ஆள். ஆகவே இப்படி எழுதலாம்:

"தீப்பெட்டி ஆபீசில் ஒரு வருஷம் கணக்கு எழுதினேன். தினமும் வந்த பெட்டிகளைக் குரோஸ் கணக்கில் பதிந்தேன். வாரக் கூலிப் பட்டியல் தயாரித்தேன்."

ஒரு குரோஸ் என்றால் 144. அந்தக் கணக்கைத் தவறில்லாமல் போட்டவளுக்கு, சேலைக் கணக்கு வராதா? கடைக்காரர் தேடுவது அந்த வரியைத்தான்!

ஒரு பாடத்தில் தவறியதைப் பெரிதாக எழுத வேண்டியதில்லை. பட்டம் முடித்த வருஷத்தை உள்ளபடி போட்டால் போதும். நேரில் கேட்டால், "தவறினேன், மறு வருஷம் எழுதித் தேறினேன்" என்று நிமிர்ந்து சொல்லலாம்.

கவனிக்க வேண்டியவை

புதிதாக வேலை தேடுபவருக்கு ஒரு பக்கம் போதும். பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகியவை பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். எப்போதும் எடுத்துப் பேசக் கூடிய போன் நம்பரைக் கொடுக்க வேண்டும்.

கடைசியாகப் படித்த படிப்பு முதலில் வரட்டும். தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் டேலி தெரியாமல் "தெரியும்" என்று எழுதினால், உட்கார வைத்துச் செய்யச் சொல்வார்கள். அப்போது முழிக்க நேரிடும்! எழுதி முடித்ததும் வேறு ஒருவரைப் படிக்கச் சொல்லிப் பிழை திருத்த வேண்டும்.

அசல் சான்றிதழ்களை மனுவோடு அனுப்பக் கூடாது. நகல் போதும். ஆதார் நம்பர், பாங்கிக் கணக்கு நம்பர் ஆகியவற்றைப் பயோடேட்டாவில் எழுதக் கூடாது. "பணம் கட்டினால் வேலை" என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாற வேண்டாம். அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது.

பயோடேட்டா வேலையை வாங்கித் தந்து விடாது. "நேரில் வாருங்கள்" என்ற அழைப்பை வாங்கித் தரும். அதற்குப் பிறகு அவரவர் திறமை.

புதிய தாளை மகள் அம்மாவிடம் நீட்டுகிறாள். முதியோர் வகுப்பில் படித்த அம்மா, எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். "தீப்... பெட்டி... ஆ... பீசு..." படித்ததும் அவள் முகம் மலர்கிறது.

"நம்ம ஆபீசு பேரும் இருக்கே தாயி!"

"ஆமாம்மா. அதுதான் முதல் வரி" என்கிறாள் மகள்.