காற்று ஊருக்கு... காசு யாருக்கு?

'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். அந்தக் காற்றில் நம் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையின் லேத் மெஷின்களும் சுற்றுகின்றன! ஆம்... 650 கிலோமீட்டருக்கு அப்பால், கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளின் மின்சாரமும் நமக்கு வரும் கம்பியில் கலந்துதான் வருகிறது.

சரி, அந்தக் காற்றாலைகள் நிற்கும் கிராமங்களுக்கு என்ன கிடைத்தது?

தமிழகத்தின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு கணவாய்கள் வழியே மே முதல் செப்டம்பர் வரை காற்று பாய்ந்து வருகிறது. அதை நம்பி 90-களில் தனியார் குவிந்தார்கள். இன்று தமிழகக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நல்ல காற்றடிக்கும் நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் கிடைக்கிறது.

பனையும் உடைமரமும் மட்டுமே நின்ற மானாவாரி நிலத்துக்குத் திடீரென விலை வந்தது. கடன் அடைந்தது, மகள் கல்யாணம் நடந்தது, ஓட்டு வீடு மாடி வீடானது. ஆனால், பெரும்பாலானோர் நிலத்தைக் குத்தகைக்கு விடவில்லை; விற்றுவிட்டார்கள். பணம் ஒரே ஒருமுறை வந்தது. இறக்கைகளோ 20, 25 வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

வேலைவாய்ப்பும் அப்படித்தான். காற்றாலையை நிறுவும்போது லாரி, கிரேன், கொத்தனார், டீக்கடை என ஊரே களைகட்டும். அதன்பிறகு வாட்ச்மேன், ஆபரேட்டர், டெக்னீஷியன் எனச் சிலருக்குத்தான் வேலை. காற்றாலைகள் பலவற்றின் சொந்தக்காரர்கள் கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து ஆலைகள். உற்பத்தியாகும் யூனிட்டுகள் அந்த ஆலைகளின் மின்கட்டணத்தில் கழிகின்றன.

நல்லதும் இல்லாமல் இல்லை. ஊருக்குள் சாலை வந்தது. கோபுரம் ஏறக் கற்றுக்கொண்ட ஐ.டி.ஐ., டிப்ளமோ இளைஞர்களுக்கு வெளிமாநிலங்களிலும் வேலை கிடைக்கிறது.

இப்போது இரண்டாவது வாய்ப்பு வந்திருக்கிறது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2024-ல் வெளியிட்டது. 250 கிலோவாட் இயந்திரங்கள் பத்து செய்யும் வேலையை, 2.5 மெகாவாட் இயந்திரம் ஒன்றே செய்துவிடும். அதனால் ஊரில் ஆபரேட்டர், வாட்ச்மேன் வேலைகள் குறையலாம். அதேசமயம், பெரிய இறக்கைகளைக் கொண்டுவர அகலமான பாதையும், இயந்திரங்களுக்கு இடையே கூடுதல் இடைவெளியும் வேண்டும். அதற்காக உங்கள் நிலத்தைக் கேட்டு வருகிறார்களா? கையெழுத்துப் போடும்முன் இவற்றைக் கேளுங்கள்:

* மொத்தமாக விற்காமல், வருடக் குத்தகைக்கு விடலாமா? குத்தகைத் தொகை ஆண்டுதோறும் ஏறுமா?

* கோபுரத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் தொடர்ந்து பயிர் செய்யலாமா?

* வரப்பும் வாய்க்காலும் சேதமானால் யார் பொறுப்பு?

* ஆயுள் முடிந்த இயந்திரத்தையும் கான்கிரீட் அடித்தளத்தையும் யார் அகற்றுவார்கள்?

* பராமரிப்பு வேலையில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடம் உண்டா?

உங்கள் ஊர்க் காற்றின் மதிப்பும் ரகசியமல்ல. திருமுடிவாக்கத்திலிருந்து சற்றுத் தூரத்தில், பள்ளிக்கரணையில் மத்திய அரசின் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் இருக்கிறது. எங்கே எவ்வளவு காற்று வீசுகிறது என்று அளந்து வரைபடமே வெளியிடுகிறார்கள்.

முதல்முறை நிலத்துக்கு மட்டும்தான் விலை பேசினோம். இந்தமுறை காற்றுக்கும் சேர்த்துப் பேசுவோம்!