பெரிய பிரேக் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?

(பாதுகாப்பான பயணம் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில், தைப்பிங்கில் கார் பட்டறை நடத்தும் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் பட்டறையில் சனிக்கிழமை காலையில் யாராவது ஒரு தம்பி வந்து கேட்கும் கேள்விதான் இன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. "அண்ணே, முன்னால பெரிய டிஸ்க்கும் நாலு பிஸ்டன் கேலிப்பரும் மாட்டலாம்னு இருக்கேன். பெடல் நல்லா இருக்கும்ல? கார் சீக்கிரம் நிக்கும்ல?"

தம்பி ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுகிறார். பெடல் காலுக்கு எப்படி இருக்கிறது என்பது ஒன்று. கார் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பது வேறொன்று. இரண்டும் ஒன்று என்று நம்பித்தான் நம் பிள்ளைகள் பணத்தைக் கொட்டுகிறார்கள். நானும் அப்படி நம்பியவன்தான். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் அப்போது கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பழைய புரோட்டோன் வீரா. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் கார்கள் இருக்கின்றனவே, அந்த 'ஹாப் கட்' சாமான்களில் பெரிய டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் கேலிப்பரும் கிடைத்தன. இரண்டு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்குப் போனது. கேலிப்பருக்குச் சிவப்புச் சாயம் வேறு அடித்தேன். ஒரு பட்டறையில் மாட்டிக் கொடுத்தார்கள். மூடி திறந்து மூலையில் கிடந்த ஒரு டப்பாவிலிருந்து பிரேக் எண்ணெய் ஊற்றினார்கள். நான் கேலிப்பரின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர டப்பாவைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் அந்த எண்ணெயை நானும் மாற்றவில்லை.

ஒரு பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, மனைவி, கைக்குழந்தை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போனோம். திரும்பும்போது பின்பெட்டியில் கோஸும் தக்காளியும் பெட்டி பெட்டியாக. ரிங்லெட்டிலிருந்து தாப்பா நோக்கி இறங்குகிறோம். முன்னால் ஒரு லாரி. பெரிய பிரேக் இருக்கிற தைரியத்தில் கியரைக் குறைக்காமல் காலைப் பெடலிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். லாத்தா இஸ்கண்டார் அருவிக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் மிதித்தால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. திரும்பத் திரும்ப மிதித்து, இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, அருவிக் கடைகளுக்கு எதிரே ஒருவழியாக நிறுத்தினேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "அருவி பாக்க நிப்பாட்டினியாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நிறுத்திய சில நிமிடங்களில் பெடல் இன்னும் மோசமானது. ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், ஒன்றுமே நடக்காதது போல் கெட்டியாக இருந்தது. இந்த வியாதியின் பயங்கரமே அதுதான். மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினால் "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள்.

என்ன நடந்தது? பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் கருவி. வேறு மாயம் அதில் இல்லை. ஆயிரம் கிலோ கார் மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடும்போது அதில் இருக்கும் ஆற்றல், 80 கிலோமீட்டரில் இருப்பதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நிறுத்தினால் அத்தனையும் டிஸ்க்கிலும் பேட்டிலும் சூடாக இறங்கும். இறக்கத்தில் இதைவிடக் கடுமை. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். தாப்பாவோ கிட்டத்தட்ட அடிவாரம். அந்த உயரத்திலிருந்து இறங்கும் கார் விடுகிற ஆற்றல், 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறக்குறைய முப்பது முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். காரின் எடை என்னவானாலும் இந்தக் கணக்கு மாறாது. இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் தின்றுவிடும். மீதியை என்ஜின் வாங்கிக்கொள்ளச் சிறிய கியர் போட வேண்டும். போடாவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில்தான்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் கொண்டது. டாட் 3 ரக எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியே போதும். டாட் 4 என்றால் 230 டிகிரி, ஈரம் சேர்ந்தபின் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். எண்ணெயை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நாம் மிதிக்கும் பலமெல்லாம் அந்த ஆவியைச் சுருக்குவதில் போய்விடும், பேட்டுக்குப் போய்ச் சேராது. என் நான்கு பிஸ்டன் கேலிப்பரை அன்று தோற்கடித்தது சில வெள்ளி விலையுள்ள ஓர் எண்ணெய். மறுநாள் அதை வடித்துப் பார்த்தபோது கோப்பி-ஓ நிறத்தில் இருந்தது.

டயர் சொல்வதுதான் கடைசி வார்த்தை

இனி, சீக்கிரம் நிற்குமா என்ற கேள்வி. காரை நிறுத்துவது பிரேக் என்று நினைக்கிறோம். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு. ஆளில்லாத இடத்தில், காய்ந்த சாலையில், மிதமான வேகத்தில் ஒரு முறை பெடலை ஓங்கி மிதித்துப் பாருங்கள். ஏபிஎஸ் உள்ள கார் என்றால் பெடல் காலடியில் படபடவென்று துடிக்கும். இல்லாத கார் என்றால் டயர் கிறீச்சிடும். இரண்டில் ஒன்று நடந்தால், உங்கள் காரோடு வந்த பிரேக்குக்கே அந்த டயரின் பிடிப்பை மிஞ்சும் பலம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் பலத்தைக் கூட்டினால், சக்கரம் இன்னும் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். பெரோடுவா கஞ்சில், மைவி, பழைய சாகா எல்லாம் முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் கொண்டு வந்த கார்கள். நல்ல நிலையில் இருந்தால் அவையும் சக்கரத்தைப் பூட்டும்.

நல்ல டயர், காய்ந்த சாலை, 110 கிலோமீட்டர் வேகம். பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு கால் பெடலுக்குப் போக ஒரு வினாடி ஆகும். அதில் 30 மீட்டர் முன்பே போய்விட்டது. அதே சாலை நனைந்திருந்தால் 60 மீட்டர் என்பது 95 மீட்டருக்கு நீளலாம். எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் கொட்டும். இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு தம்பி பளபளக்கும் கேலிப்பரோடு வருகிறார். டயரைப் பார்த்தால் மொட்டை. சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும். மழைக்கு அதுவே போதாது என்பது என் கருத்து. டயர் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் காய்ந்து கெட்டியாகிவிடும். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

அப்படியானால் பெரிய டிஸ்க்கால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பெரிய டிஸ்க் அதிகச் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் ஆறும். ஒரு முறை நிறுத்துவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. பத்தாவது முறை நிறுத்தும்போது தெரியும். என்ஜினை மாற்றி வேகம் கூட்டியவர்கள், சிப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள், பாரத்தோடு அடிக்கடி மலை ஏறி இறங்குபவர்கள், இவர்களுக்கு அது தேவைப்படலாம். தைப்பிங்கிலிருந்து பட்டர்வொர்த்துக்கு வேலைக்குப் போய்வருபவருக்கு எதற்கு?

கால் சொல்வது பாதி உண்மை

"இல்லை அண்ணே, மாத்தின பிறகு பிரேக் நல்லாவே கடிக்குது" என்பார்கள். பொய்யில்லை. டிஸ்க் அகலமானால் நெம்புகோல் நீளமாகிறது. குறைவாக மிதித்தாலே அதே அளவு பிடிக்கும். கால் அதைத்தான் 'சீக்கிரம் நிற்கிறது' என்று எடுத்துக்கொள்கிறது. மீட்டர் கணக்கு மாறியிருக்காது. இன்னொன்று: கேலிப்பர் மாற்றும்போது பேட் புதிது, ரப்பர் குழாய் புதிது, எண்ணெயும் புதிது. இந்த மூன்றை மட்டும் மாற்றியிருந்தாலே அந்த உணர்வில் பெரும்பகுதி கிடைத்திருக்கும். பாராட்டு மட்டும் சிவப்புக் கேலிப்பருக்குப் போகிறது.

சில சமயம் பெரிய கேலிப்பர் பெடலைக் கெடுத்தும் விடும். கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். பழைய கேலிப்பரில் 54 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்று இருக்கிறது. அதன் இடத்தில் 40 மில்லிமீட்டர் பிஸ்டன் நான்கு, பக்கத்துக்கு இரண்டாக, வருகின்றன. ஒரு பக்கப் பரப்பளவு ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது. அதை நகர்த்தப் பத்து விழுக்காடு கூடுதல் எண்ணெய் வேண்டும். அனுப்புவதோ அதே பழைய மாஸ்டர் பம்ப். ஆகவே பெடல் முன்னைவிட ஆழமாகப் போகும். பணம் செலவழித்தவர் வந்து "காற்று இருக்கு, எடுத்து விடுங்க" என்பார். எத்தனை முறை எடுத்தாலும் போகாது, ஏனென்றால் அங்கே காற்றே இல்லை. மாஸ்டர் பம்பையும் பொருத்தமான அளவுக்கு மாற்ற வேண்டும். இரும்புப் பின்னல் குழாய் போட்டால் பழைய ரப்பர் குழாய் போல் உப்பாது, பெடல் கெட்டியாகும். அதுவும் காலுக்கு இதம்; தூரத்தைக் குறைக்காது.

பின் பிரேக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாயும். அதனால் பெரும்பகுதி வேலையை முன் சக்கரங்களே செய்கின்றன. கார் செய்தவர்கள் முன்னுக்கும் பின்னுக்கும் ஓர் அளவு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பார்வைக்காகப் பின்னால் பலமான பிரேக் மாட்டி, முன் சக்கரத்துக்கு முன்பே பின் சக்கரம் பூட்டிக்கொண்டால், கார் பம்பரம் போல் சுழலும். மழையில் இதை ஏபிஎஸ் இல்லாத காரில் கண்டவன் நான். யாருக்கும் காயமில்லை, காலியான சாலை. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இல்லாமல் வாகனத்தை இப்படி மாற்றக்கூடாது என்பதையும், காப்புறுதி நிறுவனம் பின்னால் கேள்வி கேட்கலாம் என்பதையும் இந்தத் தம்பிகள் நினைப்பதே இல்லை.

பெடலில் குறை தெரிந்தால், சாமான் வாங்கும் முன் அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பஞ்சு போல் இருந்தால் காற்றோ பழைய எண்ணெயோ. சிவப்பு விளக்கில் நிற்கும்போது காலடியில் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் பம்ப் உள்ளே கசிகிறது, அல்லது வெளியே எங்கோ ஒழுகுகிறது. அன்றே பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது அதிர்ந்தால் டிஸ்க்கின் கனம் ஒரே சீராக இல்லை. கல் மாதிரி கெட்டியாக இருந்தால் பூஸ்டரைச் சந்தேகிக்கலாம். இதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். என்ஜினை நிறுத்திவிட்டு நான்கைந்து முறை மிதியுங்கள், பெடல் கெட்டியாகும். மிதித்தபடியே என்ஜினை முடுக்குங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது.

எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். உங்கள் கண் முன்னே புது டப்பாவை உடைக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். பேட் வாங்கும்போது 'ரேசிங்' என்ற பெயரைக் கண்டு மயங்காதீர்கள். அவற்றில் பல சூடேறிய பிறகே பிடிக்கும். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு விடும் காருக்குக் குளிரிலும் பிடிக்கும் பேட்தான் வேண்டும்.

2013 ஆகஸ்டு 21ஆம் தேதி கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். அந்த விசாரணையில் பிரேக்கின் நிலைக்கு முக்கிய இடம் இருந்தது. அது பேருந்து, நம்முடையது கார் என்று ஒதுக்கிவிட முடியாது. எங்கள் மேக்ஸ்வெல் மலையில் எழுபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். தனியார் காரை விடாத அந்தச் சாலையில் அரசாங்க லேண்ட்ரோவர் ஓட்டிய பெரியவர்கள் சிறிய கியரில், என்ஜின் முனக முனகத்தான் இறங்குவார்கள். இன்று ஆட்டோ கியர் ஓட்டுபவர்கள் பலருக்கு அந்தக் குச்சியில் 'டி'க்குக் கீழே இருக்கும் எழுத்துகள் எதற்கு என்றே தெரியவில்லை. கோலகங்சாரிலிருந்து ஈப்போ போகும்போது மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டியதும் ஜெலாப்பாங் நோக்கி நீண்ட இறக்கம் வரும். அடுத்த முறை அங்கே அவற்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

அந்தப் பழைய வீரா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கேலிப்பரைக் கழற்றவில்லை, மாஸ்டர் பம்பைப் பெரிதாக்கி, டயரையும் மாற்றி, எண்ணெய் மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி மூடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். லாத்தா இஸ்கண்டாரில் அன்று ஏன் நின்றோம் என்பதை அம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை. இந்த நிகழ்ச்சியைப் பார்த்தால் இன்றைக்குத் தெரிந்துவிடும்.