காரில் பாட்டு நன்றாகக் கேட்க முதலில் எதை மாற்றணும்?



நம் சுவர் இதழில் மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்று நிறையப் படித்துவிட்டோம். இந்தத் தடவை நான் கார் ஸ்டீரியோ பற்றி எழுதுகிறேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் கார் சமாச்சாரம்?" என்று கேட்காதீர்கள். இதில் இருப்பது முழுக்க நம்ம அறிவியல் பாடம்தான்!

எங்க சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். அது பழைய காராக வாங்கியது. அதில் கம்பெனியில் பொருத்தி வந்த ஸ்டீரியோவே இருந்தது. சத்தம் கூட்டினால் கரகரன்னு இழுக்கும். திருச்செந்தூருக்குச் சவாரி வருகிறவர்கள், "என்ன டிரைவரே, பாட்டுப் பாடுதா, அழுதா?" என்று கேலி செய்வார்களாம். டவுனில் ஒரு கடையில் கேட்டார். புது ஸ்டீரியோ, நாலு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் வைக்கும் பெரிய வூஃபர் பெட்டி எல்லாம் சேர்த்து 25 ஆயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். எங்க அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துத் தருவதாகச் சொன்னாங்க. கடனை எடுத்தால் மாசாமாசம் கட்டணுமே! அத்தனையும் உண்மையிலேயே வேணுமா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். எங்கள் அறிவியல் ஆசிரியரிடமும், பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கும் அண்ணாச்சியிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. கொஞ்சம் வரலாறு

காருக்குள் ரேடியோ வைக்கலாம் என்று பல பேர் முயற்சி செய்தார்கள். 1930-இல் அமெரிக்காவில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்ற அண்ணன் தம்பிகளின் கம்பெனி கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு மோட்டரோலா என்று பெயர் வைத்தார்கள். மோட்டார் என்ற சொல்லில் இருந்து வந்த பெயர் அது. பிற்காலத்தில் செல்போன் செய்த அதே மோட்டரோலாதான்! பிறகு 1963-இல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகம் செய்தது. 1982-இல் சி.டி. வந்தது. இப்போது பென்டிரைவ், புளூடூத் என்று ஆகிவிட்டது. பாட்டு எதில் இருந்து வந்தாலும், கடைசியில் அது நம் காதுக்கு வருவது ஸ்பீக்கர் வழியாகத்தான். இதை மறக்காதீர்கள்.

2. ஒரு ஸ்டீரியோவில் என்னென்ன இருக்கு?

முன்னால் பட்டன் வைத்துத் தெரிகிற பெட்டியைத்தான் நாம் ஸ்டீரியோ என்று சொல்கிறோம். அது பாட்டை எடுத்துக் கொடுக்கும். அதற்குள்ளேயே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் இருக்கும். அது மின்சாரத்தைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஸ்பீக்கரில் ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு கூம்பு இருக்கும். சுருளில் மின்சாரம் போனதும் கூம்பு முன்னும் பின்னும் ஆடி, காற்றைத் தள்ளும். அதுதான் ஒலி அலை.

மனிதக் காதுக்கு 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். தவில் சத்தம் போன்ற கீழ் ஒலிக்குப் பெரிய கூம்பு வேணும். சலங்கைச் சத்தம் போன்ற மேல் ஒலிக்குச் சின்னக் கூம்பு வேணும். அதை ட்வீட்டர் என்பார்கள். கம்பெனியில் இருந்து வரும்போது விலையைக் குறைக்க, பல கார்களில் சின்னக் காந்தமும் மெல்லிய காகிதக் கூம்பும் உள்ள ஸ்பீக்கரைத்தான் வைக்கிறார்கள். வருஷக்கணக்கில் வெயில் பட்டதும் அந்தக் காகிதம் விறைத்துக் கிழிந்தும் போகும். அண்ணாச்சி கழற்றிக் காட்டியபோது, சித்தப்பா காரில் இரண்டு ஸ்பீக்கரும் ஓரத்தில் கிழிந்துதான் இருந்தன. கரகரப்புக்குக் காரணம் இதுதான்! புது ஸ்டீரியோ வாங்கி இந்தக் கிழிந்த ஸ்பீக்கரில் மாட்டியிருந்தால், அதே கரகரப்புத்தான் கேட்டிருக்கும்.

3. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வாட் உண்மையா?

கடையில் ஸ்டீரியோ பெட்டி மேல் "50 வாட் × 4" என்று பெரிசா எழுதியிருந்தது. இதை நம்பலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கார் ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் இருக்கும். பாட்டு என்பது அலை மாதிரி ஏறி இறங்கும் மின்சாரம். அதனால் உச்ச அளவில் ஏறக்குறைய 0.7 பங்குதான் பயன்படும் அளவு. 14 × 0.7 = 9.8. அதைப் 10 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். கார் ஸ்பீக்கரின் மின்தடை பெரும்பாலும் 4 ஓம். திறன் என்பது வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுப்பது. 10 × 10 ÷ 4 = 25 வாட். அவ்வளவுதான்! சாதாரண ஸ்டீரியோ ஒரு ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தரக்கூடியது இதற்கும் கொஞ்சம் குறைவு, 20 வாட் அளவில்தான். 50 என்பது ஒரு கண நேரம் எட்டும் உச்சம். வாங்கும்போது "ஆர்.எம்.எஸ். எத்தனை வாட்?" என்று கேட்கணும். அதுதான் தொடர்ந்து தரக்கூடிய உண்மையான திறன். நான் இதைக் கேட்டதும் கடைக்காரர், "என்ன தாயி, பரீட்சை வைக்கியா?" என்று சிரித்தார். ஆனாலும் புத்தகத்தை எடுத்துப் பார்த்துச் சரியான எண்ணைச் சொன்னார்.

இன்னொரு வேடிக்கை. வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. 3 டெசிபல் மட்டும்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியணும்னா சுமார் பத்து மடங்கு வாட் வேணும். ஆனால் ஸ்பீக்கர் பெட்டியில் உணர்திறன் என்று ஒரு எண் டெசிபலில் போட்டிருப்பார்கள். 87 உள்ளதற்குப் பதில் 90 உள்ள ஸ்பீக்கரை வாங்கினால், பாதி வாட்டிலேயே அதே சத்தம் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்!

4. எந்த வரிசையில் மாற்றுவது?

முதலில் முன் கதவு ஸ்பீக்கர். இரண்டாவது கதவுக்குள் ஒட்டும் ஷீட். மூன்றாவதுதான் ஸ்டீரியோ. ஆம்ப்ளிஃபயரும் வூஃபரும் அதற்கு அப்புறம், ஆசையும் பணமும் இருந்தால் மட்டும்.

ஸ்பீக்கர் வாங்கும் முன் பழையதைக் கழற்றி அங்குலக் கணக்கில் அளக்கணும். ஆழத்தையும் அளக்கணும். பெரிய காந்தம் உள்ளதை வாங்கிவிட்டால், கண்ணாடியை இறக்கும்போது அதில் இடிக்கும். ட்வீட்டர் நடுவிலேயே சேர்ந்து இருப்பதைக் கோ-ஆக்சியல் என்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது போதும்.

கதவுக்கு ஏன் ஷீட்? ஸ்பீக்கர் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. அந்தப் பின் அலை, கதவில் உள்ள ஓட்டை வழியாக முன்னால் வந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துவிடும். தவில் சத்தம் காணாமல் போகும். அதனால் பியூட்டைல் ரப்பர் ஷீட்டை ஒட்டுகிறார்கள். தகரம் அதிர்வதும் குறையும். ஆனால் கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிய இருக்கும் ஓட்டையை மட்டும் அடைக்கக் கூடாது. அடைத்தால் கதவு துருப்பிடித்துவிடும்.

ஸ்டீரியோ அளவில் ஒற்றை டின், இரட்டை டின் என்று இரண்டு உண்டு. டின் என்றதும் எண்ணெய் டின் என்று நினைக்காதீர்கள்! அது ஜெர்மனி நாட்டுத் தர நிர்ணய அமைப்பின் பெயர்ச் சுருக்கம். ஒற்றை டின் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். இரட்டை டின் அதே அகலம், 100 மி.மீ. உயரம்.

5. வயர் நிறம் தெரிந்துகொள்ளுங்கள்

வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

மஞ்சள் – பேட்டரியில் இருந்து எப்போதும் வரும் 12 வோல்ட்.
சிவப்பு – சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட்.
கருப்பு – எர்த்.
வெள்ளை – முன் இடது ஸ்பீக்கர்.
சாம்பல் – முன் வலது ஸ்பீக்கர்.
பச்சை – பின் இடது ஸ்பீக்கர்.
ஊதா – பின் வலது ஸ்பீக்கர்.

ஸ்பீக்கர் வயரில் கருப்புக் கோடு போட்டிருந்தால் அது மைனஸ். இந்த மைனஸை எர்த்தோடு சேர்க்கவே கூடாது. சேர்த்தால் ஸ்டீரியோவே கெட்டுப்போகும். காரில் ஏற்கெனவே உள்ள வயரின் நிறம் வேறு மாதிரி இருக்கும். அதனால் நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பார்க்கணும். கம்பெனி வயரை வெட்டாமல், அந்தக் காருக்கு ஏற்ற கப்ளர் வாங்கி மாட்டுவதே நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்!

ஒரு தனி ஸ்பீக்கரில் பிளஸ் எது, மைனஸ் எது என்று அழிந்துபோயிருந்தால் என்ன செய்வது? சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல்லை எடுங்கள். இரண்டு வயரால் ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்று சத்தம் வரும். கூம்பு வெளியே வந்தால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். உள்ளே போனால் தலைகீழ். காரில் ஒரு ஸ்பீக்கரை மாற்றி மாட்டிவிட்டால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். தவில் சத்தம் செத்துப்போகும். எங்க வீட்டுப் பழைய ரேடியோ ஸ்பீக்கரில் நான் இதைச் செய்து பார்த்தேன். கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது.

6. இதில் விளையாடக் கூடாது

அண்ணாச்சி வேலையைத் தொடங்கும் முன் முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினார். "தாயி, 12 வோல்ட் கையில ஷாக் அடிக்காது. ஆனா வண்டியையே எரிச்சுப்புடும்" என்றார். உண்மைதான். வோல்ட் குறைவு என்றாலும், இரண்டு முனையும் நேராகத் தொட்டுக்கொண்டால் பேட்டரியில் இருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாயும். வயர் பழுத்துத் தீப்பிடிக்கும். அதைத் தடுக்கும் காவல்காரன்தான் பியூஸ்.

பேட்டரியில் இருந்து ஆம்ப்ளிஃபயருக்குத் தனி வயர் இழுத்தால், பேட்டரிக்கு மிக அருகில், ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்கணும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மட்டும் இருந்தால் நடுவில் உள்ள வயருக்குக் காவல் இல்லை. பியூஸ் போனால் சிலர் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பார்கள். அது காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுத் திருடனைக் காவலுக்கு வைத்த மாதிரி! பியூஸ் ஏன் போனது என்று முதலில் பார்க்கணும். பிறகு அதே ஆம்பியர் பியூஸைத்தான் போடணும். வயரை முறுக்கி டேப் சுற்றுவதும் போதாது. நம்ம ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் டேப்பின் பசை உருகி அவிழ்ந்துவிடும். சால்டர் வைத்து மேலே சுருங்கும் குழாய் போடணும்.

7. காதையும் நினையுங்கள்

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 88 டெசிபல் என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். காதுக்குள் இருக்கும் மெல்லிய முடிச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சத்தம் டிரைவருக்குக் கேட்காவிட்டால் அது அடுத்தவர் உயிருக்கே ஆபத்து. 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். நம் பள்ளிக்கூட வாசலில் டம் டம் என்று அதிர வைத்துக்கொண்டு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளணும்.

முடிவு

சித்தப்பா முன் ஸ்பீக்கர் இரண்டை மட்டும் மாற்றினார். கதவுக்கு ஷீட் ஒட்டினார். பழைய ஸ்டீரியோ அப்படியே இருக்கிறது. கரகரப்பு போயே போச்சு. குழுவில் கடன் எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. புளூடூத் உள்ள ஸ்டீரியோவைத் தீபாவளிச் சவாரிப் பணத்தில் பார்த்துக்கலாம் என்கிறார்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? எது கெட்டிருக்கு என்று கண்டுபிடித்து அதை மட்டும் சரி செய்தால், காசும் மிஞ்சும், பாட்டும் இனிக்கும். டி.வி., மிக்சி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

செல் வைத்து ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்த்தவர்கள் மறக்காமல் எனக்குச் சொல்லுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி