உங்களுக்குத் தெரியுமா? காதால் கேட்டுச் சிரித்த யூதக் குழந்தைகள்

மரபுவழி யூதக் குடும்பங்கள் பலவற்றில் டிவி கிடையாது. அதனால் அமெரிக்காவில் கேசட் காலத்திலேயே குழந்தைகளுக்கான நகைச்சுவை ஒலிக்கதைகள் செழித்தன. 'மார்வலஸ் மிடோஸ் மெஷின்' தொடரில், குழந்தைகளின் கெட்ட குணங்களைத் திருத்த ஓர் இயந்திரமே உண்டு!

கேசட்டுக்கு முன்பே யூதர்களைச் சிரிக்கவைத்தவை, அவர்கள் தலைமுறைதோறும் சொல்லிவந்த ஹெல்ம் கதைகள். ஹெல்ம், போலந்தில் உள்ள நிஜ ஊர். கதைகளிலோ முட்டாள்களின் ஊர். ஒரு கதையில், முத்தாக மின்னும் பனியை யாரும் மிதிக்கக் கூடாதாம். அதை அறிவிக்கப் போகிறவனின் கால் படாமலிருக்க, அவனை மேசையில் ஏற்றி நால்வர் சுமந்து நடக்கிறார்கள்! 1978இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஐசக் பாஷெவிஸ் சிங்கர் இந்தக் கதையைக் குழந்தைகளுக்காக எழுதினார்.

படமில்லாத கதையில் காட்சிகளைக் குழந்தையே வரைந்துகொள்கிறது. இன்றிரவு உங்கள் பிள்ளைக்கும் ஒரு வேடிக்கைக் கதை சொல்லுங்கள்.