அந்த ‘டிக்’ எப்போது வருகிறது?

ஒர்க்‌ஷாப் வாசலில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. “அண்ணே, முன்னாடி டிக் டிக்குன்னு ஏதோ சத்தம் வருது.” “எந்தப் பக்கம் சார்?” “தெரியலண்ணே, எப்பவாவது வரும்.” “சரி, சாவியக் குடுத்துட்டுப் போங்க, பாத்துடலாம்.” சாயங்காலம் வண்டி திரும்பும்போது பில்லில் லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட், லேபர் என்று வரிசையாக எழுதியிருக்கும். வீட்டுத் திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் சத்தம் அப்படியே இருக்கும்.

இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரை ரேம்ப்பில் ஏற்றி எதைப் பிடித்து ஆட்டினாலும் ஏதாவது ஒன்று ஆடத்தான் செய்யும். லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கும், லிங்க் ராட் லூஸாகியிருக்கும். அவற்றை மாற்றினால் வண்டிக்கு நல்லதுதான். ஆனால், ஆடுகிற பாகம்தான் சத்தம் போடுகிற பாகம் என்று சொல்லிவிட முடியாது. நிற்கிற வண்டியில் அந்தச் சத்தமே வராது. சத்தம் வராத வண்டியில் எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்காக இருந்தாலும் ஊகிக்கத்தான் வேண்டும். தினமும் அதைக் கேட்கிறவர் ஓட்டுகிறவர். அவர் ஒன்றும் சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவதால்தான் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பணம் வீணாகிறது.

நாம் சொல்லவேண்டியது, சத்தம் ‘டிக்’கா, ‘டக்’கா, ‘கட கட’வா என்பதை அல்ல. அதை வாயால் எவ்வளவு தத்ரூபமாகச் செய்து காட்டினாலும் பெரிய பயனில்லை. எப்போது வருகிறது, எது வேகமானால் அதுவும் வேகமாகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்பதைச் சொன்னால் போதும். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

காரில் சில பாகங்கள் எஞ்சின் வேகத்தில் சுழல்கின்றன. சில சக்கர வேகத்தில் சுழல்கின்றன. மீதி, ஸ்டியரிங்கையோ பிரேக்கையோ தொடும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் மட்டும் அசைகின்றன. உங்கள் ‘டிக்’ இந்த மூன்றில் எதைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, மெதுவாக ரேஸ் கொடுங்கள். சத்தமும் கூடவே வேகமெடுத்தால் அது எஞ்சின் பக்கத்து விவகாரம். நின்ற இடத்தில் ஒன்றும் கேட்கவில்லையென்றால், ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். எஞ்சினை மட்டும் அணைக்கக் கூடாது. அணைத்தால் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கும் சீக்கிரமே கட்டையாகிவிடும். எஞ்சின் வேகம் விழுந்த பிறகும் சத்தம் அதே கதியில் தொடர்ந்து, வண்டி மெதுவாக ஆக ஆகத் தானும் மெதுவானால், அது சக்கரத்தோடு சேர்ந்தது.

எண்ணிக்கையும் உதவும். 13 அங்குலச் சக்கரம் போட்ட சிறிய கார் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.7 மீட்டர் நகரும். 20 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு மூன்று சுற்றுதான். நிதானமாக, கூடவே எண்ணக்கூடிய ‘டிக்… டிக்… டிக்’. எஞ்சின் சத்தம் அப்படி இருக்காது. ஐட்லிங்கில் 800 சுற்று ஓடும் எஞ்சினில் கேம் ஷாஃப்ட் அதில் பாதி, 400 சுற்று சுழலும். அப்படியானால் ஒரே ஒரு வால்வு தட்டினாலும் வினாடிக்கு ஆறேழு தட்டு. தையல் மிஷின் ஓடுவதுபோல இருக்கும், எண்ண முடியாது.

லட்சத்தைத் தாண்டிய முன்சக்கர இழுவைக் கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது சிவி ஜாயிண்டைத்தான். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் இதை ‘ஆக்சில் சவுண்ட்’ என்பார்கள். அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அவை பின்சக்கரத்தால் தள்ளப்படும் வண்டிகள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் முன்சக்கர இழுவை நம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்தது. முன்சக்கரம் வண்டியை இழுக்கவும் வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். திரும்பிய நிலையிலும் எஞ்சினின் விசை வெட்டாமல் சீராகப் போய்ச் சேரவேண்டும். ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் ஷெப்பா 1920களில் இதற்கு வழி கண்டார். ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு குமிழ், இரண்டிலும் வெட்டிய பள்ளங்கள், அந்தப் பள்ளங்களில் ஒரு கூண்டு தாங்கிப் பிடித்திருக்கும் ஆறு எஃகுப் பந்துகள். விசை அந்தப் பந்துகள் வழியாகவே சக்கரத்துக்குப் போகிறது. இன்றும் நம் சிறிய கார்களின் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அந்த அமைப்புதான்.

வண்டி நேராகப் போகும்போது பந்துகள் பள்ளத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கை ஒடித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் ஓடியாக வேண்டும். பல வருடம் ஒரே இடத்தில் அழுத்தி உட்கார்ந்ததில் அங்கே சிறு குழி விழுந்திருந்தால், வெளியே ஓடும் பந்து குழியின் விளிம்பில் ஏறித் தட்டும். அதனால்தான் இந்தச் சத்தம் நேர்ச்சாலையில் வாயைத் திறக்காமல், அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் வருகிறது.

இதைச் சோதிக்க ஒரு காலி மைதானம் போதும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ரேடியோவையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, முதல் கியரில் இடது பக்கம் முழுதாக ஒடித்து ஒரு வட்டம், வலது பக்கம் ஒடித்து ஒரு வட்டம். நடுவில் லேசாக மிதித்து மிதித்து விடுங்கள். ரிவர்ஸிலும் அதே. இடது வட்டத்தில் சத்தம் வந்தால் பெரும்பாலும் வலது ஜாயிண்ட், வலது வட்டத்தில் வந்தால் இடது. வட்டத்தின் வெளிப்பக்கச் சக்கரத்தில்தான் பாரம் விழுகிறது. பக்கத்தில் ஒரு மதில் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதில் தெளிவாக விழும்.

காது சொன்னதைக் கண்ணாலும் பார்த்துவிடலாம். வண்டியை நிறுத்தி, சக்கரத்தை முழுதாக ஒடித்து, கையில் டார்ச்சோடு குனிந்து சக்கரத்தின் பின்பக்கம் பாருங்கள். ஆக்சில் முனையில் மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறை இருக்கும். அதுதான் பூட். மடிப்பின் அடியில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் மெல்ல விரித்துப் பார்க்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. கிழிந்திருந்தால் அதற்கு நேரெதிரே, ரிம்மின் உட்புறத்திலும் ஷாக் அப்சார்பரின் மேலும், கறுப்பு கிரீஸ் கோடு போட்ட மாதிரி தெறித்திருக்கும். விரலில் தொட்டால் நரநரவென்று மணல் நெருடும். உள்ளே இருக்க வேண்டிய கிரீஸ் வெளியே வந்து, வெளியே இருக்க வேண்டிய மணல் உள்ளே போய்விட்டது என்று பொருள்.

இங்கே எனக்கு மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. ரப்பர் உறை கிழிந்தவுடன், சத்தம் வருவதற்கு முன்பே கவனித்தால், ஜாயிண்டைக் கழற்றிக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, புது பூட் போட்டால் முடிந்தது. சின்னச் செலவு. ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் வண்டி மேலே ஏறத்தான் செய்கிறது. அப்போது நான்கு பூட்டையும் டார்ச் அடித்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. அதைச் செய்கிற ஒர்க்‌ஷாப்கள் மிகக் குறைவு, கேட்கிற வாடிக்கையாளர்கள் அதைவிடக் குறைவு. சத்தம் வந்த பிறகு பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. புது கிரீஸ் கொஞ்ச நாள் சத்தத்தை அமுக்கிவைக்கும். எஃகில் விழுந்த குழியை எந்த கிரீஸும் நிரப்பாது. அப்படியே ஓட்டினால் பல நாள் ஓடும். ஒரு நாள் கூண்டு உடைந்து பந்துகள் சிதறினால், எஞ்சின் ஓடும், கியர் விழும், வண்டி நகராது.

ஜாயிண்ட் புதிதாக வாங்கச் சென்னையில் ஜி.பி. ரோடு இருக்கிறது. பழைய மாடலுக்குப் புதிது கிடைக்காதபோது புதுப்பேட்டையில், பிரித்த வண்டியிலிருந்து எடுத்த ஆக்சில் கிடைக்கும். அங்கே வாங்குகிறவர்கள் கடையிலேயே ஜாயிண்டை மடக்கிப் பிடித்து, இடமும் வலமும் முறுக்கிப் பார்க்க வேண்டும். முறுக்கும்போது ஒரு நூல் அளவுக்குத் தளர்வு தெரிந்தாலும் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பின்சக்கரத்தில் ஓடும் ஆம்னி, பொலிரோ வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. முதல் கியரில் கிளட்சை விட்டதும் அடியிலிருந்து ஒரே ஒரு ‘டக்’, ரிவர்ஸ் போட்டதும் இன்னொரு ‘டக்’ என்றால், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யூ-ஜாயிண்ட் கிராஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் பக்கத்து ‘டிக்’ என்றால் முதலில் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவுங்கள். வயதான எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். அளவு குறைந்தால் மேலே இருக்கும் பாகங்களுக்குத்தான் முதலில் வறட்சி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடி தட்டிவிட்டு அடங்கினால், ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள எஞ்சின்களில் ஆயில் போய்ச் சேரும்வரை வருகிற சத்தமாக இருக்கலாம். மற்ற எஞ்சின்களில் எந்நேரமும் வந்தால் டேப்பெட் இடைவெளியை கேஜ் வைத்து அளந்து செட் பண்ண வேண்டும். இங்கே பலரும், நல்ல மெக்கானிக்குகளும்கூட, ஏமாறுகிற இடம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. அதன் கேஸ்கட்டிலோ வார்ப்பிலோ மெல்லிய பிளவு இருந்தால், ஒவ்வொரு முறையும் புகை அந்த வழியாகப் பீறிட்டு அச்சு அசலாக டேப்பெட் மாதிரியே தட்டும். எஞ்சின் சூடானதும் உலோகம் விரிந்து பிளவை அடைத்துக்கொள்ளும், சத்தம் நின்றுவிடும். காலையில் வந்து, நான்கைந்து கிலோமீட்டர் போனபின் மறைகிற ‘டிக்’குக்காக டேப்பெட்டைத் திறக்கச் சொல்லாதீர்கள். முதல்நாள் இரவே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, காலையில் குளிர்ந்த எஞ்சினை மெக்கானிக்கின் கையாலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை வால்வு கவரில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கும் பழைய ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் காது எந்தக் கம்ப்யூட்டர் ஸ்கேனருக்கும் குறைந்ததல்ல. தேய்ந்த டேப்பெட்டோ மேனிஃபோல்டு பிளவோ பெரும்பாலும் ஸ்கேனரில் எந்த எரர் கோடும் காட்டாது. நீங்களே செய்வதானால் பெல்ட், ஃபேன் பக்கம் கை போகக் கூடாது. துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் சத்தம் சுலபம். பட படவென்று தொடர்ச்சியாக அடித்தால் பேட்டரி சார்ஜ் இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. ஒரே ஒரு ‘டக்’ கேட்டு செல்ஃப் எடுக்காமல், ஹெட்லைட்டும் மங்காமல் இருந்தால் செல்ஃப் மோட்டாரையோ அதன் சோலினாய்டையோ பார்க்க வேண்டும்.

பயப்படத் தேவையில்லாத சத்தங்களும் உண்டு. ஏசி ஓடும்போது விட்டு விட்டு வரும் ‘டக்’, கம்ப்ரஸர் கிளட்ச் ஒட்டுவதும் விடுவதும். ஊருக்குப் போய் வந்து வண்டியை நிறுத்தியதும் அடியில் கேட்கும் ‘டிக் டிக்’, சூடான சைலன்சர் ஆறிச் சுருங்குவது. இண்டிகேட்டர் திடீரென்று இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தால் ஒரு பல்ப் போய்விட்டது.

ஆனால் இரண்டு சத்தங்களுக்கு நாள் கடத்தவே கூடாது. ஒன்று, வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் முன்பக்கம் அடிக்கும் ‘டக்’. லிங்க் ராடாக இருந்தால் ஆபத்தில்லை. லோயர் ஆர்மின் பால் ஜாயிண்டாக இருந்தால் அது கழன்ற நாளில் சக்கரம் சாய்ந்து வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். ரேம்ப்பில் ஏற்றி நெம்பிப் பார்த்துத்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். மற்றது, டயர் மாற்றியோ பஞ்சர் போட்டோ வந்த சில நாளில் சக்கர வேகத்தில் தொடங்கும் ‘டிக்’. டயர் இடுக்கில் சிக்கிய கல்லாகவோ ஆணியாகவோ இருக்கலாம். வீல் நட் லூஸாகவும் இருக்கலாம். வண்டியை ஓரம் கட்டி, டிக்கியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து எல்லா நட்டையும் அழுத்திப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

ஆக்சில் வேலைக்குப் பிறகும் இது பொருந்தும். ஜாயிண்டைக் கழற்ற ஹப் நடுவில் இருக்கும் பெரிய நட்டை எடுத்தாக வேண்டும். அதன் விளிம்பைத் தட்டி மடக்கிப் பூட்டும் வகையாக இருந்தால் பழைய நட்டையே திரும்பப் போட விடாதீர்கள், புதிது கேளுங்கள். வண்டியை எடுத்துவந்து நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை, வண்டி தரையில் நிற்கும்போது, ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிர் வரிசையில் மறுபடி இறுக்கிவிடுங்கள். மைதானத்துக்கு இன்னொரு முறை போய், இடது பக்கம் ஒரு வட்டம், வலது பக்கம் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். இந்த முறை மெக்கானிக்கும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கட்டும்.